மூன்று வடை, முப்பது பேர், அந்தமான்

ஜனவரி 19, ஞாயிறு

காவாந்தண்டலம் போய் வந்தேன். மாமியார் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். தலைவாழை இலை, வடை, பாயசம், அப்பளம். என்ன விசேஷம் என்று கேட்கத் தோன்றவில்லை. இலை போட்டார்கள், உட்கார்ந்தேன். வடை மூன்று. நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். நாக்கு ரிப்போர்ட் எதுவும் அனுப்பவில்லை.

வாலாஜாபாத்திலிருந்து அண்ணன் கார்த்திக்கும் வந்திருந்தான். அவன் எதற்கு வந்தான்? அதையும் கேட்கவில்லை. நான் கை கழுவும்போது மாமியார் பவளம் மாமனார் வேதாசலத்தைப் பார்த்துத் தலையாட்டினார். மாமனார் அண்ணனைப் பார்த்துத் தலையாட்டினார். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நானும் ஆட்டி வைத்தேன். எல்லோரும் ஆட்டும்போது நான் மட்டும் சும்மா நிற்பானேன்?

ரேகா போய் வருஷத் திதியும் முடிந்துவிட்டது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள். அதற்கு மேல் எழுத மாட்டேன். தினமும் எதையாவது எழுது மோகன்குமார், மனசு இளகும் என்று கம்பெனி டாக்டர் சொன்னார். அதனால்தான் இந்த நோட்டு. ஒரகடத்தில் மீட்டரும் சென்சாரும் பழுது பார்க்கிறவனுக்கு ஷிஃப்ட் ரிப்போர்ட் மட்டும்தான் எழுத வரும்.

இன்றைய ரிப்போர்ட்: பழுது இல்லை. ஓட்டமும் இல்லை.

ஜனவரி 20

பஸ்ஸில் குடையை விட்டுவிட்டேன். மழையே இல்லாத மாதத்தில் குடையை எதற்கு எடுத்துக்கொண்டு போனேன்?

ஜனவரி 23

அண்ணன் போன் செய்தான்.

"வட எப்டி இருந்துச்சி?"

"நல்லாருந்துச்சி."

"சந்தோசம். நாள் பாக்க சொல்லிட்டேன்."

"எதுக்கு நாளு?"

"டேய், கை நனைச்சிட்டு வந்துட்டு எதுக்கு நாளுன்றியே!"

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போன வீட்டில், மனசுக்குப் பிடித்தால்தான் இலையில் உட்காருவார்கள். பிடிக்கவில்லை என்றால் காபியோடு எழுந்து வந்துவிடுவார்கள். கை நனைத்தால் சம்மதம். அந்த வீட்டில் மருமகனாக எத்தனையோ தடவை கை நனைத்தவன்தான் நான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நான் மருமகனாக உட்காரவில்லையாம். மாப்பிள்ளையாக உட்கார்ந்தேனாம். அம்முலுவுக்கு. ரேகாவின் தங்கைக்கு!

"யாரும் எங்கிட்ட சொல்லலயே?"

"சொல்லணுமா? நான் அங்க எதுக்கு வந்தேன், அப்பளம் பொரிக்கவா?"

"அம்முலு ஒத்துக்கினாளா?"

"ஒத்துக்கினா. இப்ப நீ மாட்டேன்னு வெச்சிக்க, மூத்தவ புருசனே வேணான்னுட்டான்னு ஊரு பேசும். அந்தப் பொண்ணு தெருவுல தல காட்ட முடியாது."

நான் ஒரு வடையோடு நிறுத்தியிருந்தால்? அதையும் கேட்டுவிட்டேன். ஒன்றுக்கும் அதே அர்த்தம்தானாம்.

அம்முலுவுக்கு அவள் கல்லூரியில் படிக்கும்போது கால்குலேட்டர் வாங்கிக் கொடுத்தவன் நான். அவளை எப்படி? முடியாது. சொல்லிவிட வேண்டும். மாமியாரிடம் நேரில். ஞாயிற்றுக்கிழமை.

ஜனவரி 26, ஞாயிறு

சொல்லத்தான் போனேன். மாமியார் தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். ஒரு வருஷமாக அந்தத் தலையைப் பார்க்க முடியாது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க மாப்ள, நாஷ்டா சாப்டீங்களா?" என்றார்.  சாப்பிட்டாயிற்று என்று பொய் சொன்னேன். இனிமேல் அந்த வீட்டில் ஒரு இட்லியைத் தொடுவதற்கும் யோசிக்க வேண்டும்.

புதுச் செய்தி. உத்திரமேரூர் புரோகிதர் சூர்யநாராயணன் வருஷா வருஷம் ஜனங்களைக் காசிக்கும் நவக்கிரகத்துக்கும் கூட்டிக்கொண்டு போவார். இந்த வருஷம் அந்தமான். ஊரே பெயர் கொடுத்திருக்கிறது.

"உங்களுக்கும் சேத்து குடுத்துட்டோம் மாப்ள. அங்கியே ஒரு நல்ல நாள்ல தட்ட மாத்திடலாம்."

"அந்தமான்லயா அத்த?"

"ஊர் பெரிய மனுசங்க மொத்தமும் அங்கதான் கீறாங்க. இங்க யார வெச்சி தட்டு மாத்தறது, மாட்ட வெச்சா?"

சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்கிறேன். நேற்று தெருவில் பினாயில் விற்கிறவனிடம்கூடச் சரி என்று நான்கு பாட்டில் வாங்கினேன்.

அங்கே போய்ச் சொல்லிவிட வேண்டும். தட்டு மாற்றுவதற்கு முன்னால்.

பிப்ரவரி 13, வியாழன்

முப்பது பேர். விமான நிலையத்தில் முதலில் போனது ஊறுகாய் ஜாடி. அடுத்து பித்தளைத் தாம்பாளங்கள் சிக்கின. மிஷின் திரையில் இரண்டு பெரிய வட்டங்கள். காவல்காரர் பையைத் திறக்கச் சொன்னார்.

"தட்டு சார், நிச்சயதார்த்தத் தட்டு," என்றார் மாமியார். தமிழ் தெரிந்த ஒரு பெண் காவலர் அவருக்கு இந்தியில் சொன்னார். யாருக்கு என்று கேட்டிருப்பார் போல. மாமியார் எங்கள் இரண்டு பேரையும் காட்டினார். அம்முலு கழிப்பறை போர்டைப் பார்த்தாள். நான் மேலே ஃபேன் இருக்கிறதா என்று பார்த்தேன். காவல்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி இந்தியில் வாழ்த்தினார். தேங்க்ஸ் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

போர்ட் பிளேர் கடற்கரை. கடல் நீலமாக இருந்தது. பார்த்தேன். மாமனார் இடுப்பில் கை வைத்து நெடுநேரம் நின்றார்.

"தாமல் ஏரி மாரிதான் கீது. ஆனா கரைய சரியா கட்டல. இதுக்கு மதகு எங்க?"

மதகு இல்லை என்றேன். "மதகு இல்லாம எப்டி தண்ணிய வுடறது?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார். என்னவோ நான் கட்டிய மாதிரி.

சாயங்காலம் டீ குடித்து முடிப்பதற்குள் சூரியன் விழுந்துவிட்டது. சூர்யநாராயணனுக்குப் பெரிய கவலை. "பாருங்கோ, சூரியன் சீக்கிரம் உதிச்சு சீக்கிரம் அஸ்தமிக்கிறான். நம்ம பஞ்சாங்கத்து ராகு காலம் இங்க செல்லாது. நீங்க டெக்னிக்கல் ஆச்சே, ஒரு கணக்குப் போடுங்கோளேன்."

போட்டேன். தீர்க்கரேகை வித்தியாசம், ஒரு டிகிரிக்கு நான்கு நிமிஷம். ராகு காலம், எமகண்டம் இரண்டையும் ஐம்பது நிமிஷம் போல முன்னால் தள்ளி, நல்ல நேரத்தைத் திருத்திக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலை. எழுதிக் கொடுத்த பிறகுதான் உறைத்தது: அது எனக்கான நேரம். கழித்தலுக்குப் பதில் கூட்டல் போட்டிருந்தால் நிச்சயதார்த்தம் நேராக எமகண்டத்துக்குள் போய் விழுந்திருக்கும். ஆனால் தப்பு ரீடிங் எழுத எனக்குக் கை வராது.

பிப்ரவரி 15, சனி

பாராடாங். பழங்குடிகள் இருக்கிற காட்டு வழி. வண்டிகளை வரிசையாகத்தான் விடுகிறார்கள். நடுவில் நிற்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. அப்புறம் படகு. இரண்டு பக்கமும் சதுப்பு மரங்கள், வேரெல்லாம் தண்ணீருக்கு மேலே. அம்முலு மானாம்பதி பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். "இந்த வேரு மூச்சு வுடுது நைனா," என்று அப்பாவிடம் சொன்னாள். "வேரு மேல வந்தா மரம் பூடுச்சின்னு அர்த்தம்," என்றார் மாமனார். முதலை ஜாக்கிரதை என்று போர்டு. எங்கள் கூட்டம் கரை முழுக்க முதலையைத் தேடி, ஒரு கட்டையைப் பார்த்துக் கும்பிட்டது.

அங்கிருந்து சேற்று எரிமலை. எரிமலை என்ற ஒரு வார்த்தையை நம்பித்தான் பாதிப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். மாமனார் சூடு படாமல் இருக்க முகத்தைத் துண்டால் மூடியிருந்தார். வியர்க்க வியர்க்க மேட்டில் ஏறினோம். மூங்கில் வேலி. உள்ளே சாம்பல் நிறச் சேறு. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

ஒரு கொப்புளம் வந்தது. பளக் என்றது. அவ்வளவுதான்.

"இத பாக்கவா ஏறி வந்தோம்?" மாமனார் துண்டை அவிழ்த்தார். "நடவு கழனில மாட்ட எறக்கினா இதுக்கு மேல வரும்."

சூர்யநாராயணன், "இது பூமாதேவியோட சுவாசம், சாதாரணமா நினைக்கப்படாது," என்றார். மாமியார் வேலிக்குள் கை விட்டு எட்டின இடத்தில் கொஞ்சம் சேறு எடுத்து, நெற்றியில் பூசலாமா என்று அவரைக் கேட்டார். அங்கே ஒரே சண்டையாக இருக்கும்போது அம்முலு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? நீங்க எதுக்கு இதுக்கு ஒத்துக்கினீங்க?"

"நான் எங்க ஒத்துக்கினேன்? வட தான் தின்னேன்."

"எத்தினி?"

"மூணு."

"ஐயோ மாமா."

பளக் என்றது சேறு.

"அம்மா வேற மாரி சொன்னாங்களே. நீங்களே வந்து கேட்டீங்களாம். நான் மாட்டேன்னா மனசொடிஞ்சி எதுனா பண்ணிக்குவீங்களாம். பயந்துகினு சரின்னேன்."

"எங்கிட்ட நீ ஒத்துக்கினன்னாங்க. நான் மாட்டேன்னா ஊரு உன்ன ஒரு மாரி பேசும்னாங்க."

 அம்முலு சேற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் நெசமாவே யோசிச்சேன் மாமா. உங்க வூட்ல அக்கா போட்டோ மாட்டி கீது. அதுக்கு நான் வெளக்கேத்துறப்ப தங்கச்சியா, ரெண்டாந்தாரமா? கொழம்புல உப்பு கம்மியா இருந்தா நீங்க அவள நெனைப்பீங்க. நானும் அவளதான் நெனைப்பேன். ரெண்டு பேரும் ஒரே ஆள நெனைச்சிக்கினு எதுக்கு ஒரே வூட்ல ஒக்காந்துகினு கெடக்கணும்?"

இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. சரி, அம்மாவிடம் யார் சொல்வது?

"நீங்கதான் பெரியவரு."

"நீதான் பெத்த பொண்ணு."

"கை நனைச்சது நீங்க."

 நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஹேவ்லாக் தீவு. இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், படகுக்காரர் பழைய பெயரைத்தான் சொன்னார். மணல் மாவு மாதிரி வெள்ளை. கடல் கரையோரம் பச்சை, தள்ளிப் போகப் போக நீலம், நடுவில் பெயர் தெரியாத ஒரு நிறம். சூர்யநாராயணன் முப்பது பேரையும் வரிசையாக நிற்க வைத்துச் சங்கல்பம் சொல்லி முழுக்குப் போட வைத்தார். பக்கத்தில் குளித்த வெள்ளைக்காரர்கள் இரண்டு பேரும் வரிசையில் வந்து நின்றார்கள். அவர்களையும் கோத்திரம் கேட்டார்.

அடியில் கண்ணாடி பதித்த படகு. மாமியார் புடவைக்கு மேல் மிதவைச் சட்டை போட்டு, தேர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கீழே பவழப்பாறை, பச்சையும் ஊதாவுமாக மீன்கள். மாமனார் தூங்கிவிட்டார். இதுதான் சமயம் என்று பக்கத்தில் போனேன்.

"அத்த, ஒரு விஷயம்..."

"மாப்ள, இந்தக் கலரு மீனு கொழம்புக்கு ஆவுமா?"

"தெர்ல அத்த. நான் சொல்ல வந்தது இன்னான்னா..."

"ஆவாதா?"

"இல்ல அத்த, இது வேற..."

"வேற மீனா? எங்க, எங்க?"

மாமியார் குனிந்தார், படகு சாய்ந்தது, குனிந்தவருக்கு அப்படியே வாந்தி வந்துவிட்டது. பையை நான்தான் பிடித்துக்கொண்டேன். வாந்தி எடுக்கிறவரிடம் எதைச் சொல்வது? முடிந்ததும் என் தோளில் சாய்ந்துகொண்டு, "பெத்த புள்ள கூட இப்டி புடிக்காது மாப்ள," என்றார்.

ஒரேடியாகப் பேஜார்.

அம்முலு கண்ணாடி முகமூடி போட்டுக்கொண்டு தண்ணீரில் முகத்தைப் புதைத்தவள், அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி "மாமா, நட்சத்திர மீனு! நீலக் கலரு!" என்று கத்தினாள். சொன்னாயா என்று சைகையில் கேட்டாள். இல்லை என்றேன். திரும்ப முங்கிவிட்டாள்.

பிப்ரவரி 17

இன்றும் சொல்லவில்லை. கரையில் ஒரு சங்கு நண்டு காலியாகக் கிடந்த ஒரு சங்குக்குள் நுழைந்து பார்த்தது. சரிப்படவில்லை போல, வெளியே வந்து தன் வழியில் போய்விட்டது. நண்டால்கூட முடிகிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். இல்லையென்றால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

ராஸ் தீவு. வெள்ளைக்காரன் கட்டிய கட்டடமெல்லாம் இடிந்து, ஆல வேர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. புள்ளிமான்கள் ஆளைக் கண்டு ஓடுவதில்லை. மயிலும் அப்படித்தான். நான் கணக்குப் போட்டுக் கொடுத்த நல்ல நேரம் வந்தது. ஒரு பெரிய வேருக்குக் கீழே ஜமக்காளம் விரித்து ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். சிமெண்ட் பெஞ்சில் இரண்டு தாம்பாளம்: வெற்றிலை, பாக்கு, பழம், பூ, மஞ்சள், சூர்யநாராயணன் எழுதிய லக்னப் பத்திரிகை. போனில், வீடியோ காலிலேயே அண்ணனும் எங்கள் பக்கமாக வந்து நின்றான்.

சூர்யநாராயணன் கண்ணை மூடி மந்திரம் சொன்னார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. அதனால் எனக்கு எல்லாம் தெரிந்தது. முதலில் ஒரு பெண் மான் வந்தது. வாழைப்பழத்தை முகர்ந்தது. தோலோடு தின்றது. பின்னாலேயே கொம்பு வைத்த ஒன்று, வெற்றிலைக் கட்டை அப்படியே கவ்வியது. மூன்றாவது சின்னது, லக்னப் பத்திரிகையை எடுத்து ஓரத்திலிருந்து நிதானமாக மெல்ல ஆரம்பித்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. போனில் அண்ணன்தான், "டேய், அது இன்னாடா, ஆடா?" என்று கத்தினான்.

கண்கள் திறந்தன. மாமனார் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடினார். காவலாளி விசில் ஊதிக்கொண்டு மாமனாரைத் துரத்தினார். மாமியார் வெற்றிலைக் கட்டின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார், மறுமுனையைக் கொம்பு மான் இழுத்தது. மான் ஜெயித்தது.

அப்புறம் பஞ்சாயத்து. ஜனம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. சகுனம் கெட்டுவிட்டது, எழுந்திருங்கள் என்று ஒரு கட்சி. "மான்னா மகாலட்சுமி அம்சம். தாயாரே வந்து தாம்பூலம் வாங்கிண்டுட்டா. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று சூர்யநாராயணன் கட்சி.

அம்முலு என் பின்னால் வந்து குசுகுசுத்தாள். "மாமா, சகுனம் சரியில்ல, எனக்கு மனசு ஒப்பலன்னு சொல்லிடுங்க. தானா அடங்கிடும். அம்மாவும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சுலபமான வழிதான். வாயைத் திறந்தேன். அப்போது ஒரு கிழவி, "மூத்தவளும் போயிட்டா, எளையவளுக்கும் இப்டி ஆவுது. அந்த வூட்டுப் பொண்ணுங்க ராசி," என்றாள். மாமியார் கையில் ஒரே ஒரு கிழிந்த வெற்றிலை. அதைப் புடவையில் துடைத்துத் துடைத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

சகுனம்னு சொன்னா இது அம்முலு தலையில இல்ல விழும்? அத்த தலையில இல்ல விழும்?

"சகுனமெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "அத்த, எனக்கு வேணாம். அம்முலுவ நான் தங்கச்சியாதான் பாத்துக்கினு கீறேன். வட நல்லா இருந்துச்சி, அதுக்குதான் தின்னேன். சம்மதம்னு தெரிஞ்சிக்கினு தின்னல. சத்தியமா."

போனில் அண்ணன், "கை நனைச்சிட்டு மாட்டேன்றதா? மானம் போவுதுடா!" என்றான். சூர்யநாராயணனைப் பார்த்தார்கள் எல்லோரும். அவர் யோசித்தார். "சாஸ்திரத்துல எங்கேயும் வடைய சாட்சியா சொல்லலை," என்றார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

"எனக்கும் வேணாம்மா," என்றாள் அம்முலு. "மொதல்ல அந்த மான் வாயில பாக்கு கவர் கீது, அத எடுங்க, செத்துரப் போவுது." சொல்லிக்கொண்டே ஓடினாள். அவளும் காவலாளியுமாக மானைப் பிடித்துக் கவரைப் பிடுங்கினார்கள்.

மாமியார் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. இரண்டு தாம்பாளத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். "படகுக்கு நேரமாச்சி," என்றார்.

பிப்ரவரி 19

மாமியார் பேசவில்லை. சாம்பார் வேண்டுமா என்றுகூட மாமனாரை விட்டுக் கேட்கச் சொல்கிறார். மூன்று பேரும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்திருந்தோம்.

பிப்ரவரி 20, வியாழன்

நீல் தீவு. தண்ணீர் உள்வாங்கிய நேரம். பாறையில் இயற்கையாகவே அமைந்த வளைவு, பெரிய வாசல் மாதிரி. அங்கங்கே குட்டைகளில் தண்ணீர் தேங்கி, அதில் நண்டு, குட்டி மீன், கறுப்பாக நீளமாகக் கடல் அட்டை. வாடின பாகற்காய் மாதிரி கிடக்கிறது, அசைவதே இல்லை. அதன் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. ஒரு வருஷமாக நான் அப்படித்தான் கிடந்தேன்.

எல்லோரும் வளைவைப் பார்க்கப் போய்விட்டார்கள். மாமியாருக்குப் பாறையில் நடக்க முடியவில்லை. நான் கை கொடுத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பிடித்துக்கொண்டார். ஒரு பாறையில் உட்கார்ந்தோம்.

"பொய் சொல்லி பண்ணப் பாத்தேன். தப்பு தான்," என்றார். கடலைப் பார்த்துத்தான் சொன்னார்.

"வுடுங்க அத்த."

"அம்முலுவ நீங்க கட்டிக்கினே ஆவணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல மாப்ள. எங்க வூட்ல ரேகா பேர யாரும் எடுக்கறதில்ல. நான் அழுவேன்னு அவரு எடுக்க மாட்டாரு. அம்முலு அழுவான்னு நான் எடுக்க மாட்டேன். நீங்க வந்தீங்கன்னா தான், அந்த டார்ச்ச ரேகா எங்க வெச்சான்னு எதுனா ஒரு பேச்சு வரும். அதுக்காகவே உங்கள சாப்புடக் கூப்டுவேன். நாளைக்கு நீங்க எங்கியோ ஒரு பொண்ண கட்டிக்கினு போயிட்டா, அப்பறம் எம் பொண்ணு பேர யாரு சொல்லுவாங்க?"

 நான் யாரிடமும் அவள் பெயரைச் சொல்லாமல் இருந்தேன், சொன்னால் எல்லோரும் அழுவார்கள் என்று. அங்கேயும் அதே கதை.

 ஏனோ, செருப்பு விஷயம் வாயில் வந்தது. மகாபலிபுரம் போயிருந்தோம், கல்யாணமான புதிது. அலை வந்து ரேகாவின் ஒரு செருப்பை இழுத்துக்கொண்டு போய்விட்டது. குடுத்துட்டுப் போ என்று கடலைப் பார்த்துச் சண்டை போட்டாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அலை ஒரு செருப்பைக் கொண்டு வந்து போட்டது. ஏதோ ஓர் ஆம்பளையின் பிளாஸ்டிக் செருப்பு, இரண்டு சைஸ் பெரியது. அதையே போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த செருப்பா! எங்க வூட்டுக்குக் கூட போட்டுக்கினு வந்தா! யாருதுடி இதுன்னேன். கடலு குடுத்துச்சின்னா. சரியான அளவு கேக்கலியாடின்னேன். அது கிட்ட ஸ்டாக் இல்லயாம்மான்னா!"

ஸ்டாக் இல்லையாம் என்றது எனக்குத் தெரியாது. இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது! சிரிச்சேன். நிறுத்த முடியல. அத்தயும் சிரிச்சாங்க. சிரிச்சிக்கினே அழுதாங்க. நானும்தான். பாறைக்கு அந்தப் பக்கம் இருந்து மாமனார் ஓடி வந்தாரு, எங்கள எதுவோ கடிச்சிடுச்சின்னு நெனைச்சிக்கினு. "அட்டையா? அட்டையா?"ன்னு கால தூக்கித் தூக்கிப் பாக்கறாரு.

பிப்ரவரி 24

வேலைக்குப் போனேன். அந்தமான் எப்படி என்று கேட்டார்கள். சேறு கொதிக்கிறது, மான் பேப்பர் தின்கிறது என்றேன். லீவு இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

காவாந்தண்டலம். சாப்பாட்டில் ஆரம்பித்த சண்டை, நான் கிளம்பும் வரை முடியவில்லை.

மாமியார் நெத்திலிக் குழம்பு வைத்திருந்தார். "ரேகாவுக்குன்னா நெத்திலி தான். சட்டிய வழிச்சித் தின்னுவா," என்றார்.

"இல்ல அத்த, அவளுக்கு வஞ்சிரம்," என்றேன்.

"போயா, உனக்கு இன்னா தெரியும்? பெத்தவ நானா, நீயா?"

"கல்யாணம் ஆனதுல இருந்து வாரம் தவறாம வஞ்சிரம் வறுவல்தான் கேட்டா. நெத்திலி உங்களுக்காகத் தின்னது."

"எனக்காகவா! எங்கிட்ட அவ பொய் சொல்லுவாளா?"

கிணற்றடியிலிருந்து மாமனார், "ரெண்டும் இல்ல, அவளுக்கு எறா," என்றார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவர் மேல் பாய்ந்தோம். அறைக்குள்ளிருந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே அம்முலு, "எங்கிட்ட நண்டுன்னா," என்றாள்.

நான்கு பேருக்கு நான்கு விதமாகச் சொல்லியிருக்கிறாள். யாருக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லியிருப்பாள் என்கிறாள் அம்முலு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாமியாரும் ஒத்துக்கொள்ளவில்லை. குரல் ஏறிப்போய்த் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வண்டியை எடுக்கும்போது மாமியார் வாசலில் வந்து, "அடுத்த வாரம் வா, ரெண்டும் வைக்கிறேன், பாத்துக்கலாம்!" என்றார். பாத்துக்கலாம் என்று நானும் கத்தினேன்.

உத்திரமேரூர் வரும் வரை கோபம் தணியவில்லை.

வஞ்சிரம்தான். எனக்குத் தெரியாதா?